குழாய் போட்டு முறுக்கிய போல்ட்

முறுக்கியவனே ஒரு நாள் கழற்றவும் வேண்டியிருக்கும் என்று நம் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்லி வைத்திருக்கலாம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பதையே சொல்லிச் சொல்லிக் காலத்தை ஓட்டிவிட்டார்கள். சிவகாசி பைபாஸில் மெக்கானிக் கடை வைத்திருந்த தவுபிக் மாட்டிக்கொண்டது அதனால்தான்.

விஷயம் இதுதான். தூரத்துச் சொந்தமான அப்துல் குத்தூஸின் மகள் தஸ்லிமாவைக் கட்டிக்கொள்ள அவனுக்கு ஆசை. தஸ்லிமாவுக்கும் மனசு இருந்தது. குத்தூஸுக்கு இருந்தது ஒரு வேன். பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகிற அந்த வேனைப் பெற்ற மகளுக்கு ஒரு படி மேலேயே வைத்திருந்தார். தவுபிக் சர்வீஸ் செய்து கொடுத்த மறுநாள் அதன் மட்கார்டு திருகாணி ஒன்று சாத்தூர் ரோட்டில் கழன்று விழுந்தது. போதாதா? பெண் கேட்டுப் போன அவன் அம்மாவிடம், "ஒங்க மகனுக்குக் கை லூசு. ஒரு திருகாணியை முறுக்கத் தெரியாதவன் குடும்பத்தை எப்படிப் பிடிச்சு நிறுத்துவான்?" என்று கேட்டு, டீயும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கூலி குறைவென்று அடுத்த சர்வீஸுக்கும் வேன் அவனிடமே வந்தது; தவுபிக் ரோஷத்தைக் காட்டினான். நாலு சக்கரத்து போல்ட்டுகளையும், ஸ்பேனர் கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் சொருகி, ஏறி மிதித்து முறுக்கினான். இனி இது கழன்றால் என் பேர் தவுபிக் இல்லை என்று கடையில் இருந்தவர்களிடம் சவடாலும் விட்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

தீபாவளி சீசன் வந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஆலை வளாகத்தில், சாயங்காலம் வேலை விட்டுப் பெண்கள் ஏற வந்த நேரம், வேனின் பின்சக்கரம் பஞ்சர். குத்தூஸ் எடுத்ததும் மெக்கானிக்கைக் கூப்பிடுகிற ஆளில்லை. தன்னிடம் கிடந்த தேய்ந்த ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் ஏறி நின்று குதித்தார். முக்கி முனகி மற்ற போல்ட்டுகள் வந்துவிட்டன. கடைசி ஒன்று மட்டும் வரவில்லை. ஸ்பேனர் வழுக்கி வழுக்கி அதன் ஆறு முனையும் மழுங்கி, கோலிக்குண்டாக உருண்டுவிட்டது.

ஆபீஸ் போனில் தகவல் போய்த் தவுபிக் வந்து சேர்ந்தான். கேட்டிலேயே போர்மேன் பெத்தணன் அவன் பையைக் கவிழ்த்துச் சுத்தியல், உளி, செல்போன் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

"உளியை வச்சு ரெண்டு போடு போட்டா வந்துரும்ணே," என்றான் தவுபிக். "இல்லேன்னா லேசாத் தீக் காட்டணும்."

"காட்டு. பட்டாசு ஆலைக்குள்ள தீ வச்சு போல்ட் கழட்டுன மொத ஆளுன்னு பேப்பர்ல போடுவாக. படிக்கத்தான் நீயும் இருக்க மாட்டே, நானும் இருக்க மாட்டேன்."

ஊர் உலகத்துக்கெல்லாம் நெருப்பு விற்கிற இடத்தில் ஒரு பொறிக்கு வழியில்லை. வெளியே தள்ளிக்கொண்டு போகலாமென்றால் காற்றுப் போன சக்கரம் மணலில் புதைந்து கிடந்தது.

குத்தூஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். "மனுசன் முறுக்குற மாதிரியாலே முறுக்கியிருக்கே?"

"நீங்கதான மாமா லூசுன்னீக."

"அதுக்காக? நாளைக்கு ஆள் ஏத்தாட்டி கம்பெனிக்காரன் வேற வண்டி பாத்துருவான். இது வரலேன்னா, ஒனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது பாத்துக்க."

தவுபிக் சக்கரத்தருகே குத்தவைத்தான். போல்ட் வராவிட்டால் கழற்றத் தெரியாதவன், பெண் கிடையாது. வந்துவிட்டாலோ, பார்த்தியா, இவன் முறுக்கினது கழன்றுவிட்டது, கை லூசுதான் என்பார் மனிதர். மத்தளத்துக்காவது அடிக்கிறவன் தாளம் போட்டு அடிப்பான்.

பெட்டி அடிக்கிற இடத்திலிருந்து மரச்சுத்தியல் ஒன்றை வாங்கினான். மழுங்கிய தலைக்கு ஒரு சைஸ் சின்னதான ரிங் ஸ்பேனரை எடுத்து அதன்மேல் வைத்து, சாக்கை மடித்துப் போட்டுப் பதமாகத் தட்டித் தட்டி இறக்கினான். அது கவ்வியதும் கைப்பிடியில் குழாயைச் சொருகினான். அதே குழாய்தான்.

"தம்பி, சீக்கிரம்பா. அடுப்புப் பத்தவைக்கணும்," என்றாள் பொன்னுத்தங்கம். பகலெல்லாம் சரவெடி பின்னுகிறவள். மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

மனசுக்குள் பிஸ்மி சொல்லி, உடம்பு மொத்தத்தையும் குழாயின்மேல் சாய்த்தான். ஒன்றும் அசையவில்லை. இன்னும் சாய்ந்தான். தோள்பட்டை தெறித்தது. கடக்கென்று ஒரு சத்தம். குழாய் முறிந்ததா, கை முறிந்ததா என்று பார்த்தால், போல்ட் கால் சுற்றுத் திரும்பியிருந்தது.

பெண்கள் ஓவென்றார்கள். முழுசாகக் கழன்று வந்த போல்ட்டைக் குத்தூஸ் உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"நீ முறுக்குனா நீ கழட்டுனாத்தான் வருமோ?"

"ஆமா மாமா."

"வேற எவன் வந்தாலும்?"

"எவன் வந்தாலும் வராது மாமா," என்றான் தவுபிக் நெஞ்சை நிமிர்த்தி. இங்கேயும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

குத்தூஸ் பெருமூச்சு விட்டார். "அப்ப ஆயுசுக்கும் ஒன்னையத் தேடிக் கடைக்கு ஓடணும். அதுக்கு வீட்டோட வச்சுக்கிடலாம். வெள்ளிக்கிழமை ஒங்கம்மாவைக் கூட்டிட்டு வா."

தவுபிக்குக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. கிரீஸ் கையோடு கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டான். அப்படியொரு சந்தோஷம் அவன் அதுவரை பட்டதில்லை. ஸ்டெப்னியை மாட்டியவன், எவ்வளவு முறுக்குவது என்று தெரியாமல் மாமாவின் முகத்தைப் பார்த்தான்.

"அளவா முறுக்கு. மத்த மூணு சக்கரமும் நீ மிதிச்சு முறுக்குனதுதான? காலையில வெள்ளென வந்து எல்லாத்தையும் கொஞ்சம் லூசாக்கி வச்சிரு மருமகனே. சொந்த வண்டிக்கு என்ன கூலி?"

வேன் கிளம்பும்போது பொன்னுத்தங்கம் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "போல்ட்டை நீ கழட்டிட்டே. இனி இவருகிட்ட இருந்து ஒன்னைய யாருப்பா கழட்டுவா?"

எல்லோரோடும் சேர்ந்து தவுபிக்கும் சிரித்தான். சிரித்துக்கொண்டேதான் கேட்டுக்குப் போய்ச் சுத்தியலையும் உளியையும் திருப்பி வாங்கினான்.