ஒத்தி வீட்டைப் பார்க்க நாலு மணிக்கு வருகிறார்கள்

1

இந்தக் கதை ஒரு மோட்டார் சுவிட்சிலிருந்து எனக்குக் கிடைத்தது. மூன்று வருடமாக எழுத நினைத்து எழுதாமல் விட்டதை, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த கையோடு, சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். இலக்கிய ஆர்வம் பொங்கி வழிகிறது என்று நினைத்துவிடாதீர்கள். நாலு மணிக்கு இந்த வீட்டைப் பார்க்க ஆள் வருகிறது. கையில் பணத்தோடு வருகிறார்கள். அவர்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதா, விழுங்கிவிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடுமோ என்று ஒரு நப்பாசை.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். மாதம் ஆயிரத்து எண்ணூறு. என் மனைவி ஏஞ்சலின் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவளுக்குத் தொள்ளாயிரம், கையெழுத்து வாங்குவது மட்டும் இரண்டாயிரத்துக்கு. (இது கதைக்குத் தேவையில்லை. இருந்தாலும் இருக்கட்டும்.) இது 2003ஆம் வருடம். நான் எழுதுகிற தாளின் பின்பக்கத்தில் யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்துப் பத்திரிகை இருக்கிறது. தேதி தப்பாக அச்சாகி வீணாய்ப்போன கட்டு. தப்பைப் பார்க்காமல் விட்டவன் நான்தான். அதனால் தாள் இலவசம்.

2

வெளியூர்க்காரர்களுக்கு ஒத்தி என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். திண்டுக்கல்லில் எங்கள் சம்பளத்தில் வாடகையும் கொடுத்து, வீடு கட்டவும் காசு சேர்ப்பது நடக்காத காரியம். அதனால் சேர்த்தது, நகையை விற்றது எல்லாவற்றையும் திரட்டி வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவோம். மூன்று வருடத்துக்கு வாடகை கிடையாது. காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே திரும்பி வரும். அந்த மூன்று வருடத்தில் மிச்சம் பிடித்ததை ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம். ஒத்திப் பணம் திரும்பியதும் மீதியைக் கட்டிப் பத்திரம் பதியலாம்.

ஆனால் எந்த வீட்டுக்காரர் அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருப்பார்? அடுத்த ஆள் வந்து கொடுத்தால்தான் நம் பணம் நமக்கு. அன்றைக்கு மூன்று தரப்பும் ஒரே அறையில் உட்காருவார்கள். வருகிறவர் நோட்டுக் கட்டை வீட்டுக்காரர் கையில் கொடுப்பார். அவர் அதைக் கண்ணில் ஒற்றி, போகிறவர் கையில் கொடுப்பார். வீட்டுக்காரர் கையில் பணம் இருப்பது ஒரு நிமிடம்கூட இல்லை.

மனை வாங்கும்போது நாங்கள் முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்போம், வக்கீலிடம் காட்டுவோம், அளந்து கல் நடுவோம். ஒத்திக்கு இருபது ரூபாய்ப் பத்திரமும் இரண்டு சாட்சியும் போதும். காலி செய்கிறவரிடம் "வீடு எப்படி?" என்று கேட்போம். அவர் வாயிலிருந்து வருவதுதான் எங்களுக்கு வில்லங்கச் சான்று.

3

முதல் தொடக்கம்:

"ரிஃபாத் துணியை வெந்நீரில் நனைத்து, கதவில் ஒட்டியிருந்த பேங்க் நோட்டீசை உரித்துக்கொண்டிருந்தாள்."

நல்ல வாக்கியம்தான். ஆனால் அதை நான் பார்க்கவில்லை. பார்த்ததை மட்டும் முதலில் சொல்கிறேன்.

2000 ஜூன். ஜும்மா முடிந்த நேரம். நாகல் நகரில் இதே வீட்டைப் பார்க்க நானும் ஏஞ்சலினும் வந்தோம். அப்போது இங்கே ஒத்திக்கு இருந்தவர்கள் ஃபயாஸும் ரிஃபாத்தும். அவன் செருப்புக்கடையில் சேல்ஸ்மேன். அவள் வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைப்பாள். எங்களைவிட இரண்டு வயது சின்னவர்கள். ரெட்டியார்சத்திரம் போகிற ரோட்டில் மூன்று சென்ட் பேசி, அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை கெடு. அதற்குள் மீதியைக் கட்டாவிட்டால் அட்வான்ஸ் போய்விடும். அந்த மீதி ஐம்பதாயிரம். எங்கள் பையில் இருந்ததும் ஐம்பதாயிரம்.

ரிஃபாத் எங்களுக்கு ரஸ்னா கலந்து கொடுத்தாள். ஏஞ்சலின் தண்ணீரைப் பற்றிக் கேட்டாள்.

"பத்து நாளைக்கு ஒருக்காத்தான்க்கா வரும். ஆனா தொட்டி பெருசு. பத்தும்."

கரண்டைப் பற்றி, பக்கத்து வீட்டைப் பற்றி, கொசுவைப் பற்றியெல்லாம் கேட்டோம். எல்லாவற்றுக்கும் அவள் உண்மையைத்தான் சொன்னாள். முன்கதவில் புத்தம்புதிய பிஸ்மில்லா ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. நாங்கள் வெளியே வந்து கேட்டைத் திறந்தபோது பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அக்கா, செத்த நேரம் நில்லுங்க."

ஏஞ்சலின் நின்றாள். ரிஃபாத் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். வாசலில் நின்ற ஃபயாஸைத் திரும்பி ஒருமுறை பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அந்த மோட்டார் சுவிட்சு ஷாக் அடிக்கும்க்கா. வெறுங்காலோட போட்றாதீங்க."

நாங்கள் நெகிழ்ந்துபோனோம். எவ்வளவு நல்ல பெண் என்று பேசிக்கொண்டே நடந்தோம். மறுநாள் பணம் கை மாறியது.

குடிவந்த அன்று ஏஞ்சலின் அந்த ஸ்டிக்கரைக் கிழிக்காமல் எடுத்து அவர்களிடமே கொடுத்துவிடலாம் என்று மெதுவாக உரித்தாள். அடியில் ஒரு காகிதத் துண்டு கதவோடு கதவாக ஒட்டியிருந்தது. பேங்கின் முத்திரை. எங்கள் வீட்டுக்காரர் பவுல்ராஜின் பெயர். "கடன் நிலுவை" என்ற இரண்டு சொற்கள். மிச்சத்தை வெந்நீர் கொண்டுபோயிருந்தது.

4

இனி வருவது கற்பனை. அவர்கள் வீட்டுக்குள் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?

ஃபயாஸ் கடையிலிருந்து வந்து ஸ்டிக்கரை நீட்டினான். "இத அந்த எடத்துல ஒட்டிரு."

"அல்லா பேர வச்சா மறைக்கச் சொல்றீங்க?"

"திங்கக்கெழம கெடு ரிஃபாத்."

"வர்றவுங்களும் நம்மள மாதிரித்தான வருவாங்க."

"பவுல்ராஜண்ணன்தான் கட்டிருவேன்னு சொல்றாருல்ல?"

"அப்ப அது இருந்துட்டுப் போகட்டுமே. எதுக்கு மறைக்கணும்?"

அதற்கு ஃபயாஸ் கோபமாக

அதற்கு ஃபயாஸ் கண் கலங்கி

அதற்கு

(மூன்றையும் அடித்துவிட்டேன். அவனுக்குப் பதில் எழுத வரவில்லை. அவன் கோபக்காரனும் இல்லை, அழுகிறவனும் இல்லை.)

ஆனால் அவன் சொன்ன ஒரு பதில் எனக்கு நிஜமாகவே தெரியும். துண்டுக் காகிதத்தைப் பார்த்த மறுநாள் நான் அவன் கடைக்குப் போனேன். கேட்க வேண்டிய நாலு வார்த்தையை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவன் தரையில் மண்டியிட்டு ஒரு சின்னப் பிள்ளைக்கு ஸ்கூல் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"எதுக்கு வந்தீங்கன்னு தெரியும்ண்ணே. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

அவ்வளவுதான். பிள்ளைக்கு லேஸைக் கட்டி முடித்து, "நடந்து பாரு செல்லம்" என்றான். நான் வெளியே வந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவனை மூன்று வருடம் வைதிருக்கிறேன்.

5

மணி பன்னிரண்டரை. இன்னொரு பாதையைப் போட்டுப் பார்க்கிறேன்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு ரிஃபாத் சொல்கிறாள்: "அக்கா, இந்த வீட்டு மேல பேங்க்ல கடன் இருக்கு. ஒங்க பணத்த இங்க போட்றாதீங்க."

இதை நான்கு தடவை எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நாங்கள் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பணத்தோடு வேறு வீடு தேடிப் போகிறோம். எங்களுக்கு நல்ல வீடு கிடைக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். ஆனால் திங்கட்கிழமை அவளுக்கு என்ன ஆகிறது? தையல் மிஷினை விற்கிறாளா? ஃபயாஸ் அவளோடு பேசாமல் இருக்கிறானா? இன்னும் ஐந்து வருடம் முதலிலிருந்து தொடங்குகிறார்களா? அங்கே பேனா நின்றுவிடுகிறது. ஒரு பாத்திரத்தை நல்லவளாக்கிவிட்டு அவளை நடுத்தெருவில் விட்டுவர எனக்கு மனசு வரவில்லை. அப்படிச் செய்ய உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

6

இப்போது என் கதைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே இதற்கு வராமல் இருக்கத்தான்.

பவுல்ராஜ் செம்பட்டியில் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப் பேங்கைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். போன செவ்வாய்க்கிழமை திரும்பவும் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். இந்தத் தடவை ஏலத் தேதி போட்டிருந்தது. அடுத்த மாதம் பதினெட்டு. ஏலம் எடுக்கிறவன் வந்து நின்றால் இருபது ரூபாய்ப் பத்திரத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். பவுல்ராஜ் சாயங்காலம் மொபெட்டில் வந்தார். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"தம்பி, ஒங்க பணத்த வாங்கிட்டு நீங்க நல்லபடியாப் போயிருங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

செம்பட்டி ரோட்டில் நாங்கள் இரண்டரை சென்ட் பேசியிருக்கிறோம். அட்வான்ஸ் முப்பதாயிரம் கொடுத்தாயிற்று. நாளைக்குக் கெடு. மீதி அதே ஐம்பதாயிரம்.

இன்றைக்கு நாலு மணிக்கு வருகிறவர்களில் இனிகோ மட்டும் வியாழக்கிழமையே தனியாக வந்தார். ஆயக்குடிக்காரர், மில்லில் ஷிப்ட் வேலை, பிரிஸ்கில்லாவைக் கல்யாணம் செய்து நாலு வருடம். ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார்.

"ஏனுங்ண்ணா, தண்ணி எப்படிங்க?"

சொன்னேன்.

"பிரிஸ்கில்லா வளையல வித்துட்டோமுங்க. மூணு வருசம் ஒத்தியில இருந்துட்டா, ஒரு ரெண்டு சென்ட்டாவது வாங்கிரலாமுங்க. வாடகை வீட்டுல ஆணி அடிக்கக்கூட விடமாட்டேங்கறாங்க."

சுவரைத் தட்டிப் பார்த்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கேட்க வேண்டியதை அவரும் கேட்கவில்லை. கொய்யாப்பழம் மேசையில் அப்படியே இருக்கிறது, எனக்கு ஒரு சாண் தூரத்தில். ஏஞ்சலினும் தொடவில்லை, நானும் தொடவில்லை. இரண்டு பழம் கறுக்கத் தொடங்கிவிட்டது.

இன்று காலை அவள் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டா சொல்லிருவோம்ங்க" என்றாள்.

"கேக்கலைன்னா?"

கத்தி நின்றது. "அஞ்சு வருசமா நான் ஒரு புதுச்சேல எடுக்கல. நீங்க போயிச் சொல்லுங்க, நான் வேணாங்கல. சொல்லிட்டு எங்கிட்டயும் வந்து சொல்லுங்க, பதினெட்டாந்தேதி நாம எங்க போறதுன்னு."

அவளைக் கெட்டவளாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி, துணியை வெந்நீரில் நனைத்து நோட்டீசை உரித்தது ஏஞ்சலின். மூன்றாம் பகுதியில் நான் பார்க்கவில்லை என்று சொன்ன வாக்கியத்தை, அன்றைக்கு என் வீட்டிலேயே பார்த்தேன். பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

அந்த இடத்தில் திரு இருதய ஆண்டவர் ஸ்டிக்கரை ஒட்டியது நான்.

ஃபயாஸ் என்ன பதில் சொன்னான் என்று இப்போது எழுத வருகிறது. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். கட்டைவிரலால் நாலு மூலையையும் அழுத்திவிட்டுக் கை கழுவப் போயிருப்பான்.

7

மூணே முக்கால். 

இதை எதற்கு எழுதினேன் என்று இப்போதாவது சொல்லிவிட வேண்டும். இவ்வளவு நேரமும் நான் பேசிக்கொண்டிருந்தது பொதுவான வாசகரோடு அல்ல. இனிகோ தம்பி, உங்களோடுதான். உங்களை நேருக்கு நேர் பார்த்தால் எனக்கு வாய் வராது. வந்தாலும் மோட்டார் சுவிட்சைத்தான் சொல்லுவேன். (இன்னும் ஷாக் அடிக்கிறது. மூன்று வருடத்தில் நான் அதைக்கூடச் சரிசெய்யவில்லை.) அதனால் இந்தத் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளப் போகிறேன். பவுல்ராஜ் வருவதற்கு முன்னால், மொட்டை மாடியைக் காட்டுகிறேன் என்று உங்களைத் தனியாகக் கூட்டிப்போய்க் கையில் கொடுத்துவிட வேண்டும். படிக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கேட் சத்தம்.

"வாங்க வாங்க. பஸ்ல கூட்டமா?" ஏஞ்சலினின் குரல். அவள் நன்றாகத்தான் பேசுகிறாள்.

புதுக் குரல் ஒன்று. பிரிஸ்கில்லாவாக இருக்க வேண்டும். "ஏனுங்க்கா, தண்ணி எப்படிங்க்கா?"

"பத்து நாளைக்கு ஒருக்காத்தான் வரும். ஆனா தொட்டி பெருசும்மா."

"ஏங்க, அவுங்க வந்துட்டாங்க. வாங்களேன்." என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

எழுந்துவிட்டேன். நின்றுகொண்டு இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியாது. என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நீங்கள் படிக்கிற தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் தேதி தப்பான ஒரு காதுகுத்துப் பத்திரிகை இருந்தால், நீங்கள் இனிகோ. பணத்தைப் பையை விட்டு எடுக்காமல் பிரிஸ்கில்லாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். எங்களைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

அப்படி இல்லையென்றால், இதை நான் இனிகோவிடம் கொடுக்கவே இல்லை. எனக்குச் சொந்த வீடு இருக்கிறது.