செனட்டர் க்ரம்லியின் நாலு நல்ல குணங்கள்

மீரான் மைதீனின் கராஜில் நடந்துவந்த சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மாதக் கடைசியோடு சங்கு. தெரு முழுக்க கார் நிற்கிறது என்று அக்கம்பக்கத்தார் புகார் எழுதிவிட்டார்கள். ஃப்ரீமான்ட் என்ற அந்த அமெரிக்க ஊரில் வாடகையில்லாமல் கிடைக்கக்கூடிய ஒரே இடம், ஒரு பழைய அச்சகத்தின் பின்னறை. அதை வைத்திருந்த அறக்கட்டளைக்கு ஒரு நிபந்தனை உண்டு: இடம் கேட்பவர், கட்டடத்தைக் கட்டிய எஸ்ரா க்ரம்லியின் வாழ்க்கையை எழுதிவந்து கமிட்டி முன் வாசிக்க வேண்டும்.

க்ரம்லி நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மாநில செனட்டர். பத்திரிகை முதலாளியும் அவரேதான். மீரான் மைதீன் மூன்று வாரம் லைப்ரரியில் உட்கார்ந்து அந்தப் பத்திரிகையைத் தேதிவாரியாகப் படித்தார். ரயில் தாமதத்தால் க்ரம்லி போகவே முடியாத கூட்டத்தில், அவர் பேச்சுக்கு மூன்று நிமிடம் கைதட்டல் என்று செய்தி வந்திருந்தது. எதிர்த்துப் போட்டியிட்டவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்கு இரங்கல் செய்தியும் வந்திருந்தது.

எல்லாவற்றையும் பதினொரு பக்கமாக எழுதி மனைவி ரசியா பேகத்திடம் நீட்டினார்.

"ஏங்க, மௌத்தாகி மண்ணுக்குள்ள போன மனுஷனை இப்படியா கிழிப்பாங்க? நல்லதை மட்டும் எழுதுங்க."

"இருந்தாத்தானே எழுதறதுக்கு? பொய் எழுத வராது ரசியா."

"அப்ப நல்லா தேடுங்க. ரூம் கிடைக்கலன்னா இருபத்துமூணு பிள்ளைங்களும் என் கிச்சன்லதான். நான் பிரியாணிக்குத் தாளிக்கறேன், நீங்க பக்கத்துல நின்னு உயிரெழுத்து சொல்லிக்குடுங்க."

பதினொரு பக்கத்தையும் அடித்து அடித்துப் பார்த்ததில் நாலு வரி மிஞ்சியது.

கமிட்டித் தலைவி டோரத்தி, க்ரம்லியின் கொள்ளுப்பேத்தி. அந்த அம்மாள் முன்னால் நின்று மீரான் மைதீன் வாசித்தார்:

"க்ரம்லி இந்தக் கட்டடத்தைக் கட்டினார். கூரை இன்றுவரை ஒழுகவில்லை. அவர் குதிரையை அடித்ததாகத் தகவல் இல்லை. இரண்டாம் முறை தோற்றபின் தேர்தலில் நிற்கவில்லை."

உட்கார்ந்துவிட்டார். யாரோ இருமினார்கள். பக்கத்திலிருந்த ரசியா அவர் தொடையைக் கிள்ளினாள்.

"மீதி எங்கே?" என்றார் டோரத்தி.

"இறந்தவரைப் பற்றி நல்லது மட்டும் சொல்வதுதான் எங்கள் வழக்கம், மேடம். தேடியதில் இவ்வளவுதான் கிடைத்தது."

டோரத்தி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று மீரான் மைதீன் மன்னிப்புக் கேட்க எழுந்தார். அந்த அம்மாளோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என் அப்பா இவரைப் பற்றி நானூறு பக்கம் எழுதினார். ஒரு வரிகூட உண்மையில்லை. நீங்கள் ஒன்றில்தான் தவறிவிட்டீர்கள். பின்னறைக் கூரை ஒழுகும். சனிக்கிழமை வரும்போது ஒரு வாளி எடுத்து வாருங்கள்."

மீரான் மைதீன் பேனாவை எடுத்து இரண்டாவது வரியை அடித்தார்.