பெயின்டர் கண்ணில் மஞ்சள்

"நான் அடிச்ச சுவர் மஞ்சள்டி, அதான் கண்ணுல தெரியுது!"

"வெயில்ல நின்னாலும் மஞ்சளாத்தான் இருக்கு. பேசாம டாக்டர்கிட்ட வாங்க!"

"வயித்தக் கிழிச்சுட்டா ஏணியில யாரு ஏறுவா, உங்கப்பனா?"

அந்தப் பயம்தான் அவர் மனைவிக்கும். ஆனாலும் மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். நிபுணர் ஸ்கேனைப் பார்த்துச் சிரித்தார்.

"பித்தக்குழாய்ல கல் அடைச்சிருக்கு. வாய் வழியா டியூப் விட்டு எடுத்துடலாம். வயித்துல கத்தியே படாது."

சொன்னபடியே கல் வந்தது. மஞ்சள் மெல்ல மெல்ல வடிந்தது. விட்ட வேலையை முடிக்க, விசிலடித்துக்கொண்டே மீண்டும் ஏணியேறினார் பெயின்டர். கீழே பிடித்துக்கொண்டிருந்த மனைவி அண்ணாந்து பார்த்தாள். அவர் கண்கள் பளிச்சென்று இருந்தன. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அதே மஞ்சள் சுவர் முன்னாடிதானே நிக்கிறீங்க, இப்ப ஏங்க கண்ணு வெள்ளையா இருக்கு?"