கேட்டைத் தாண்டாத வண்டி

போன் அலறியது. சவரம் செய்துகொண்டிருந்த சர்வேயர், கன்னத்தில் நுரையோடு ஓடிவந்து எடுத்தார்.

“பதினொன்றரை பஸ்ல வரேன். பஸ் ஸ்டாண்டுல நிப்பேன்” என்றாள் மனைவி. “வண்டிய எடுத்துட்டு வாங்க. வரலேன்னா அடுத்த பஸ்ல திரும்பிடுவேன்.”

இவர் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல். சர்வேயருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கு நாலு பேர் முன்னால், “அவ்வளவு கஷ்டமா இருந்தா உங்க அக்கா வீட்டுலயே போய் இரு” என்று, நாக்கில் சனி உட்கார்ந்த மாதிரி ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். அவள் பெட்டியைக் கட்டினாள். வீறாப்பாக இவரே காரில் கொண்டுபோய் விட்டார். பதினெட்டு கிலோமீட்டரும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது மட்டும் சொன்னாள்: “இதே வண்டியில வந்து கூப்பிடுங்க. அப்போ வரேன்.”

அந்த வண்டிதான் நாலு நாளாகப் படுத்துக் கிடந்தது. சாவியைத் திருப்பினால் முனகியது, எழுந்திருக்கவில்லை. மணி பத்தேகால். சர்வேயர் தெருமுனை ஒர்க்ஷாப்புக்கு ஓடினார்.

“என்ன சார், பாதி முகத்தோட வந்திருக்கீங்க?” என்றாள் மெக்கானிக்.

“சிரிக்காதேம்மா. பதினொன்றரைக்கு என் வண்டி பஸ் ஸ்டாண்டுல நிக்கணும். இல்லேன்னா நான் செத்தேன்.”

அவள் ஒரு பேட்டரியையும் கருவிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். பானெட்டைத் திறந்தவள், “வண்டிய ஓட்டிட்டுத்தானே இருக்கீங்க?” என்று கேட்டாள்.

“தினமும் எடுக்கறேன்” என்றார் சர்வேயர், தரையைப் பார்த்துக்கொண்டே.

தன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தாள். இன்ஜின் விறுவிறுவென்று சுற்றியது; பற்றிக்கொள்ளவில்லை. “தினம் ஓடற வண்டின்னா ஸ்பார்க் பிளக் சுத்தமாத்தான் இருக்கும்” என்று சொல்லி, பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்த்தாள். பெட்ரோல் பீய்ச்சியது. இக்னிஷன் காயிலின் ஒயரை இன்ஜின் ஓரமாகப் பிடித்து, சாவியைத் திருப்பச் சொன்னாள். நீலப் பொறி பளிச்சென்று அடித்தது.

“பெட்ரோல் வருது, கரன்ட்டும் வருது. அப்புறம் என்ன கேடு இதுக்கு?”

மணி பத்து ஐம்பது. சர்வேயர் நடை பழகும் குழந்தை மாதிரி காரைப் பிடித்துப் பிடித்துச் சுற்றி வந்தார்.

கடைசியில் ஒரு பிளக்கைக் கழற்றினாள். அடுப்புக்கரி மாதிரி கறுத்து, பெட்ரோலில் நனைந்திருந்தது. கதவு ஓரத்தில், போன தடவை ஆயில் மாற்றியபோது அவளே எழுதி ஒட்டிய கிலோமீட்டர் சீட்டைப் படித்தாள். பிறகு மீட்டரைப் பார்த்தாள்.

“சார், ஆயில் மாத்தி ரெண்டு வருஷத்துல முப்பத்தாறு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. தினமும் எடுக்கறேன்னீங்க?”

சர்வேயர் கன்னத்தில் காய்ந்துபோன நுரையைச் சுரண்டினார்.

“எடுக்கறேம்மா. சாயங்காலம் ஆறு மணிக்குச் சட்டை மாத்திக்கிட்டு, சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவேன். அவளைக் கூப்பிடத்தான். போனா என்ன சொல்றது, வரமாட்டேன்னுட்டா என்ன பண்றதுன்னு ஒரு நிமிஷம் உக்காந்திருப்பேன். அப்புறம் அணைச்சிட்டு உள்ள வந்துடுவேன்.”

“ரெண்டு வருஷமாவா?”

“மழை நாள்லகூட விட்டதில்ல.”

ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் விடாமல் அளந்து கொடுத்த மனிதர், வீட்டு வாசலிலிருந்து கேட்டுக்கு இருக்கும் பத்தடியைக் கடக்க முடியாமல் நின்றிருக்கிறார். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்த வேகத்திலேயே அடங்கிப்போனது.

“இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா அரை மணி மிச்சமாயிருக்கும். சோக்கை இழுத்தா பெட்ரோல் கூடுதலா இறங்கும்; உடனே அணைச்சா அது எரியாம கரியாப் படியும். ஸ்டார்ட் பண்ணப் பேட்டரி கொடுத்த சார்ஜ், ஒரு நிமிஷத்துல திரும்பி ஏறாது. நோய் ஒண்ணும் இல்ல சார். நீங்கதான் அதை ஓடவிடல. சமையலறை எந்தப் பக்கம்?”

நாலு பிளக்கையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இடுக்கியில் பிடித்து, கேஸ் அடுப்பில் வாட்டினாள். அந்த நேரத்தில் சர்வேயர் மிச்சக் கன்னத்தையும் முடித்துக்கொண்டார்.

பதினொன்று இருபதுக்கு, புகைக்குழாய் ‘டமார்’ என்று ஒரு தும்மல் போட்டது. கறுப்புப் புகை. அப்புறம் இன்ஜின் சீராக ஓடியது.

“அங்க போயும் அணைச்சிடாதீங்க!” என்று கத்தினாள் மெக்கானிக். “அணைச்சா, திரும்ப ஸ்டார்ட் பண்ண என் பேட்டரி அங்க இருக்காது!”

சர்வேயர் கேட்டைத் தாண்டினார். தெருவில் திரும்பினார். நாற்சந்தியில் திரும்பினார். பஸ் ஸ்டாண்டு வாசலில், அதே பெட்டியோடு அவள் நின்றிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், காதோரம் நரை கூடியிருந்தது. இன்ஜினை அணைக்காமல், எட்டிக் கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறி உட்கார்ந்து, அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

இரண்டு வருஷமாக ஒத்திகை பார்த்த மன்னிப்பில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. “நீயா வருவேன்னு நான் கனவுலகூட நினைக்கல” என்றார்.

“எதிர்வீட்டுக்காரி தினம் ஆறு மணிக்குப் போன் போட்டு, ‘ஐயா இப்பத்தான் வண்டிய ஸ்டார்ட் பண்ணி அணைச்சாரு’ன்னு சொல்லுவா. நாலு நாளா சத்தமே இல்லேன்னதும், உங்களுக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு பதறிப்போய் ஓடிவந்தேன்.”