சும்மா நிற்கிற சர்வர்

பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரியின் சர்வரோடு ஆறு வருஷமாக மல்லுக்கட்டுகிறவள் நான்தான். பெயர் ஸ்வீட்லின். பதவி, தற்காலிகம். போன மே மாதம் ரிசல்ட் அன்றைக்குப் பார்த்து அந்த ஒற்றை சர்வர் மண்டையைப் போட்டது. பெற்றோர்கள் அரை நாள் என்னைத்தான் வைதார்கள். சர்வரையா வைவார்கள்?

அப்புறம்தான் தாளாளர் எஸ்றா சாருக்கு ஞானம் பிறந்தது. இரண்டு சர்வர் வாங்கினார். இரண்டுக்கும் பொதுவாக ஒரே வட்டுப் பெட்டி, மார்க்கெல்லாம் பதிந்திருக்கிற டிஸ்க். ஒன்று படுத்துவிட்டால் மற்றது அதே வட்டை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரும். வியாழக்கிழமை கமிட்டி முன்னால் அதை ஓட்டிக் காட்டினால், காலியாகக் கிடக்கிற நிரந்தர வேலைக்கு அன்றைக்கே ஆர்டர் என்று வாக்குக் கொடுத்தார். மூன்று வாரம் நான் வீட்டை மறந்தேன்.

அவருக்கு விளங்க வைத்ததுதான் பெரும்பாடு. இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் வட்டில் எழுதினால் மார்க்கெல்லாம் கந்தல். மற்றது செத்துவிட்டது என்று நினைத்து இரண்டும் வட்டுக்குப் பாயாமல் இருக்க, ஆளுக்கு ஓர் ஓட்டு போக, மூன்றாவதாக ஓர் ஓட்டு வேண்டும். அதற்கென்று ஒரு ஜிபியில் சின்ன வட்டு ஒதுக்கி, 'சாட்சி' என்று பெயர் வைத்திருந்தேன். உள்ளே மார்க் ஒன்றும் கிடையாது, இடத்தை ஏன் வீணாக்குகிறாய் என்று குதித்தார். இரண்டு ஓட்டு சேர்கிற பக்கத்துக்குத்தான் வட்டு என்றதும் முகம் மலர்ந்தது. சர்ச் சேகரக் கமிட்டியில் இருபது வருஷம் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய தலைக்கணக்கு, சேர்த்தும் கலைத்தும் பழகியவர் அல்லவா!

"அப்படிச் சொல்லு. இது கோரம்லா! வேல பாக்காது, ஓட்டு மட்டும் போடும். நம்ம ஜெய்சன் மாதிரி."

ஜெய்சன் எங்கள் கமிட்டி உறுப்பினர். வாயே திறக்க மாட்டார், கையை மட்டும் தூக்குவார்.

வியாழக்கிழமை ஜெபத்தோடு ஆரம்பித்தார்கள். ஜெபம் பத்து நிமிஷம். பிறகு எஸ்றா சாரே முதல் சர்வரின் வயரைப் பிடுங்கினார். ரிசல்ட் பக்கம் இருபது விநாடி திணறிவிட்டுத் திறந்துகொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

டீ குடித்து முடித்ததும் ஆர்டர் எங்கே என்று கேட்டேன். அவர் தன் மருமகள் பெர்சிஸை முன்னால் கூப்பிட்டார். வரலாறு படித்த பிள்ளை.

"ஒண்ணையே நம்பி இருக்கப்பிடாதுன்னு நீதானம்மா சொன்ன? அதான் இவளையும் போட்டிருக்கோம்."

யாருக்கு என்ன வேலை என்றேன்.

"ஒண்ணு வேல பாக்கும், ஒண்ணு சும்மா நிக்கும். நீ வேலையப் பாரு."

இருந்ததோ ஒரே நிரந்தர வேலை. அதைச் சும்மா நிற்கிறவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜெய்சன் கை தூக்கியும் ஆயிற்றாம்.

கமிட்டி கலைந்ததும் பெர்சிஸ் மட்டும் சர்வர் அறையில் நின்றாள். மினுங்குகிற விளக்குகளைப் பார்த்து முகம் வெளுத்திருந்தது.

"லீவு ஒண்ணும் போட்டுர மாட்டியள்லா அக்கா?"

அன்று சாயங்காலமே ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.