திரும்பிப் பார்க்கும் இடம்

கல்லடிப் பாலம் தாண்டியதும் முனாப் நானாவின் வீடியோ கடை. பழைய வீடியோ கசற்றுகளைக் கணினியில் ஏற்றிச் சீடியாக்கிக் கொடுப்பது அங்கே என் வேலை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு, யாரோடும் அதிகம் பேசத் தேவையில்லாத வேலை கிடைத்தது பெரிய காரியம். மூன்று மணிநேரக் கசற் என்றால் மூன்று மணிநேரமும் ஓட வேண்டும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊராரின் கலியாண வீடுகளைத் தனியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சண்டை முடிந்த வருடம் அது. பாதைகள் திறந்ததும் சனங்கள் கசற்றுகளோடு வந்தார்கள். சுனாமிச் சேறு காய்ந்து இறுகியவை, இடம்பெயரும்போது மண்ணில் புதைத்துவிட்டுப் போய்த் திரும்பத் தோண்டி எடுத்தவை. நாற்பது வாற் பல்ப் எரியும் பலகைப் பெட்டிக்குள் அவற்றை இரண்டு நாள் வைத்து ஈரம் போக்குவோம்.

"ஒருதரம்தான் ஓட்டணும், புள்ள" என்பார் நானா. "மறுதரம் ஓடுமா எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

கேதீஸ்வரி அக்கா கார்த்திகை மழையில் வந்தாள். வாகரைக்காரி. கசற்றை மூன்று பொலித்தீன் பைகளில் சுற்றியிருந்தாள்.

நானா மூடியைத் தூக்கி நாடாவைப் பார்த்தார். "பூஞ்சணமும் இல்ல, சேறும் இல்ல. மாப்பிள்ளை மாதிரிக் கிடக்கு. இதுக்கு என்ன வருத்தம் தங்கச்சி?"

"கசற்றுக்கு ஒண்டுமில்ல நானா. உள்ளுக்கிருக்கிற பிள்ளைக்குத்தான் கோபம்."

நானா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பிள்ளை அவளுடைய மகள், பெயர் நிருஷா. நாலாவது பிறந்தநாளுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் கடல் வந்தது. அக்காவின் கையிலிருந்து பிள்ளையின் கை நழுவியது. வீடும் படங்களும் எல்லாம் போயின. பிறந்தநாள் கசற் மட்டும் சித்தாண்டியில் தங்கச்சி வீட்டில் இருந்ததால் மிஞ்சியது. பிறகு வாகரையில் சண்டை வந்தபோது அதை வயிற்றோடு கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறாள். தங்கச்சி வீட்டு வீடியோ டெக்கில் ஐந்து வருடமாகப் பார்த்துவருகிறாள்.

"முதல்ல மூணு இடத்தில என்னைத் திரும்பிப் பார்ப்பாள். மறுகா ரெண்டு இடம். இப்ப ஒரு இடத்திலயும் இல்ல, முதுகுதான். கையை விட்டவளை ஆர் திரும்பிப் பார்ப்பாங்க?" என்று சாதாரணமாகச் சொன்னாள், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. "கடல் வந்த இருபத்தாறாம் திகதி கடற்கரையில எல்லாரும் படம் வைப்பாங்க. என்னட்டப் படம் இல்ல. ஒரு முகம் எடுத்துத் தாங்க, நானா."

அவள் போனதும் கசற்றை ஓட்டினேன்.

மஞ்சள் பலூன்கள். கேக். பச்சைச் சட்டை போட்ட பிள்ளை முதுகைக் காட்டி நிற்கிறது. "நிருஷா, இஞ்ச பாருங்க" என்று அக்காவின் குரல். பிள்ளையின் தோள் அசைகிறது, பின்னல் அசைகிறது, கன்னத்தின் ஓரம் தெரிகிறது. அந்த இடத்தில் திரை முழுதும் வெள்ளைப் புள்ளிகள் பொரிந்தன. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ கை தட்டினார்கள், பிள்ளை சிரித்தது. படம் திரும்ப வந்தபோது பிள்ளை மறுபடியும் முதுகைக் காட்டி நின்றது.

மூன்று முறை அப்படி. கேக், பலூன், விருந்தாளிகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. அவள் திரும்பும் கணங்கள் மட்டும் இல்லை. ஹெட்போனைக் கழற்றி நானாவைக் கூப்பிட்டேன்.

அவர் பார்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். "நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்திருக்கா, புள்ள."

டெக்கில் நிறுத்தினால் படம்தான் நிற்கும். உள்ளே உருளை சுற்றிக்கொண்டேயிருக்கும், நாடாவின் அந்த ஒரே இடத்தை உரசியபடி. ஐந்து வருடமாக அந்த மூன்று இடங்களில்.

"அவகிட்ட சொல்லிராத. தண்ணி பட்டிட்டுது எண்டு சொல்லுவம்" என்றார்.

அடுத்த இரண்டு நாளும் கணினியில் ஏற்றியதைத் துண்டு துண்டாகப் பார்த்தேன். பிள்ளை சும்மா முதுகைக் காட்டி நிற்கும் நீண்ட இடம் ஒன்று உண்டு, கண்ணாடி அலுமாரிக்கு முன்னால். ஏறக்குறைய நாலு நிமிடம். அந்த இடத்தை யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை, அதனால் தேயவில்லை. பெரிதாக்கினேன். அலுமாரிக் கண்ணாடிக்குள், பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில், ஒரு சின்ன முகம் இருந்தது. அது நேரே என்னைப் பார்த்தது. நாலு நிமிடமும் கண்ணை எடுக்கவேயில்லை.

அக்கா வந்தாள். நானா தொண்டையைச் செருமினார். "தண்ணி பட்டிருக்கு, தங்கச்சி."

"இது தண்ணியில போகல்லையே, நானா."

நானா கசற்றின் மூடியைத் திறந்து மூடினார்.

"அப்ப கோபம்தான்" என்று சொல்லிப் பொலித்தீன் பைகளை மடிக்கத் தொடங்கினாள்.

"கோபம் இல்ல அக்கா." என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது. "நீங்க நிப்பாட்டிப் பார்த்துப் பார்த்துத் தேஞ்சு போச்சு."

நானா என்னை முறைத்தார். அவள் பைகளைக் கீழே வைத்தாள்.

"நான் பார்த்ததாலயா?"

"ஓம் அக்கா."

வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் கணினியை அவள் பக்கம் திருப்பி, அலுமாரி இடத்தை ஓடவிட்டுக் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினேன். அவள் குனிந்தாள். பிள்ளையின் முகத்துக்குப் பின்னால், அதே கண்ணாடியில், தோளில் கமராவோடு ஒரு பொம்பிளை நின்றாள்.

"அது நான்" என்றாள். "தம்பி கட்டாரில இருந்து கொண்டுவந்த கமரா." மூச்சை இழுத்தாள். "முதுகைக் காட்டிக்கொண்டு என்னையெல்லோ பார்த்திருக்கிறாள்."

நான் படத்தை நிறுத்தினேன். அவள் அலறிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நிப்பாட்டாத! ஓடவிடு!"

"இது கொம்பியூட்டர் அக்கா. இதில தேயாது."

"டெக்கையும் நான் அப்பிடித்தான் நம்பினன்."

பிடித்த அடையாளம் அன்று பின்னேரம்வரை மணிக்கட்டில் இருந்தது.

மூன்று பிரதிகள் எடுத்தோம். ஒன்று எங்கள் கடையில். ஒன்று சித்தாண்டியில். மற்றது ஏறாவூரில் நானாவின் மச்சான் வீட்டில், கடல் எட்டாத தூரத்தில். முகத்தைப் பிரின்ட் எடுத்து உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். அவள் உறையைப் பிரித்துப் பார்க்கவில்லை.

இருபத்தாறாம் திகதி வாகரைக் கடற்கரைக்கு நானும் போனேன். மணலில் வரிசையாகப் படங்கள், முன்னால் விளக்குகள். அக்காவின் விளக்குக்குப் பின்னால் உறை ஒட்டியபடியே இருந்தது. "வெளியில எடுத்து வைக்கல்லையா?" என்று கேட்டேன்.

"இவ்வளவு சனம் பார்த்தாத் தேஞ்சு போகாதா, தங்கச்சி?"

கணினியில் இருப்பதும் கெட்டுப்போகலாம் என்பதால், மாதம் ஒருமுறை கடையில் இருக்கும் ஒவ்வொன்றையும் திறந்து சரிபார்க்க வேண்டும் என்பது நானாவின் கட்டளை. முதலாம் திகதி அக்கா பஸ் ஏறி வருவாள். உள்ளே வரமாட்டாள். வாசலில் முதுகைக் காட்டி நிற்பாள்.

"இருக்காளா?"

"ஓம் அக்கா, இருக்கா."

"பார்க்கிறாளா?"

"ஓம், பார்க்கிறா."

அவள் போய்விடுவாள். படம் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளை நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். வர வர அந்த முகம் முழுதும் எனக்குப் பாடமாகிவிட்டது. யாரைப் பார்க்கிறாள் என்று அக்கா கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.