மேல் கீல்

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணை அடக்க வேண்டுமென்றால் ஒரு பெயரைச் சொன்னால் போதும். ஜைதூன். அம்மாவின் அக்கா, எனக்குக் காலா. பதிமூன்று வயதில் பட்டுத்தறிக் கூடத்தின் பின்சுவர் ஏறிக் குதித்து எவனோடோ ஓடிப்போனவள் என்பார்கள். நான் என்ஜினியரிங் சேர்ந்தபோது, எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. "படிக்க வெச்சுக்கினு இரு, இன்னொரு ஜைதூன் ஆவும்" என்றார்கள். மெக்கானிக்கல் முடித்துவிட்டுப் பழைய கார்களைப் புதுப்பிக்கிற தேவசகாயம் அண்ணனின் ஷெட்டில் சேர்ந்தேன். அதற்கும் அதே பெயர்.

அம்மா மட்டும் அப்படிச் சொன்னதில்லை. அம்மா, ரம்ஜான் பீ, இன்றைக்கும் வீட்டில் ராட்டையில் தார் சுற்றுகிறாள், தறிக்கான ஊடை நூல். ராத்திரி வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடமாட்டாள். அக்காவை அவள் ஆப்பா என்றுதான் சொல்வாள்.

"ஆப்பா வந்தா தட்டமாட்டாம்மா. சத்தம் பண்ற பொண்ணு இல்ல அது. சாத்தியிருந்தா அப்படியே திரும்பிப் போயிடும்."

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அதே பதில்.

ஷெட்டுக்கு ஒரு மோரிஸ் வந்தது. சுதந்திரத்துக்கு முந்தின வண்டி. இரண்டே கதவு, கீல்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பட்டுக்கடை பஞ்சாட்சரத்தின் அப்பாவுடையது. பெரியவர் செத்துவிட்டார். மகன் அதைச் சென்னைக்காரர் ஒருத்தருக்கு விற்கப்போகிறார்.

"கண்ணாடியைப் பாரும்மா, எல்லாம் ஒரிஜினல். ஒரு கீறல் இருக்குதா? இந்த இடது கதவு மட்டும் திறக்காது, பூட்டு பிடிச்சுக்குச்சு. அதை விட்டுட்டுக்கூட மத்த வேலையைப் பாருங்க" என்றார் பஞ்சாட்சரம்.

திறக்காத கதவோடு யார் வாங்குவார்கள்? கீல் பின்னை எடுத்துக் கதவைக் கழற்றிவிடலாம் என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயந்திரம் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் காலாவும் சின்ன வயதில் தார் சுற்றியது அந்தப் பெரியவரின் கூடத்தில்தான்.

"அந்தக் காரா. கொட்டாய்ல தார்ப்பாய் போட்டு நிக்கும். கிட்டப் போனா பெரியவர் திட்டுவாரு."

அப்புறம் அம்மா வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள். லேபர் ஆபீசருங்க சோதனைக்கு வந்த அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளை எல்லாம் மூலைக்கு ஒன்றாக ஒளித்துவைத்தார்கள். அம்மாவை நூல் மூட்டைகளுக்குப் பின்னால். ஆபீசர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அம்மா வெளியே வந்து அக்காவைத் தேடினால் காணோம். சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டாள் என்றார் பெரியவர்.

மறுநாள் கீல்களுக்கு டீசல் ஊற்றி ஊறவைத்தேன். கீழ்க் கீலின் பின் சுலபமாக வந்தது. வந்ததைக் கையில் வைத்துப் பார்த்தேன். அடிமுனையில் பழைய அடிகளின் தடம். எனக்கு முன்னால் யாரோ இந்தக் கதவைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

மேல் கீல் அசையவில்லை. பின்னுக்குத் தலை மேலே இருக்கிறது, ஆகவே கீழிருந்து மேலே அடிக்க வேண்டும். பஞ்ச் வைத்து அடித்தேன். கேஸ் டார்ச்சில் காய்ச்சி அடித்தேன். அடிக்க அடிக்க இறுகியது.

"என்னம்மா டிகிரி, நீ பின்னை எடுக்குறியா, பின்னு உன்னை எடுக்குதா?" என்றார் தேவசகாயம் அண்ணன்.

"நீங்க வந்து ரெண்டு அடி போட்டுட்டு அப்புறம் பேசுங்கண்ணா."

அவர் வரவில்லை. அந்த வண்டி வந்ததிலிருந்தே அந்தப் பக்கம் டீ டம்ளரைக்கூட வைக்கமாட்டார். காரணம் கேட்டால், "எலி இருக்குதும்மா உள்ள" என்பார்.

எலி இல்லை. நான் சுத்தியலை நிறுத்தினால் அந்தச் சத்தம் வரும். கதவின் உள்பக்கத்திலிருந்து, விரல் கணுவால் தட்டுகிற சத்தம். யாரையாவது கூப்பிடவும் வேண்டும், யாரும் கேட்டுவிடவும் கூடாது என்பது மாதிரி அவ்வளவு மெதுவாக. காய்ச்சின இரும்பு ஆறும்போது சத்தம் போடும், அது எனக்குத் தெரியும். ஆனால் மறுநாள் காலை டார்ச்சைத் தொடுவதற்கு முன்னாலேயே தட்டியது. தை மாதப் பனி, கார்க் கூரை முழுக்க ஈரம். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது.

வலது கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். அடுப்பைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. பச்சைப் பட்டு நூலின் வாடை வந்தது. நான் பிறந்ததிலிருந்து அம்மாவின் விரலில் இருக்கிற வாடை. இடது கதவின் உள்பக்கத்துக் கைப்பிடி இல்லை, முளை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. முளையைச் சுற்றி இருந்த துணி நார்நாராகப் பிய்ந்திருந்தது. நகத்தால் பிய்த்ததுபோல.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. பயம் இருந்தது. அது வேறு.

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா தொழுகைக்கு எழுந்து போயிருந்தாள். அவள் விட்ட இடத்தில் ராட்டை கிடந்தது. அதன் கதிரில் பாதி சுற்றின தார். கையெல்லாம் டீசல் என்பதால் நூலைத் தொடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கதிர் என்பது ஒரு இரும்புக் கம்பி, அவ்வளவுதான். அடி தடிமன், நுனி போகப்போக ஒல்லி. அந்தக் கதிரின் அடியில் அரத்தால் போட்ட ஒரு வெட்டு இருக்கும். தாத்தா போட்டுக்கொடுத்த அடையாளம். சின்னவளுக்கு ஒரு வெட்டு, பெரியவளுக்கு ரெண்டு. கூடத்தில் கதிர் மாறிப்போனால் சண்டை வரும் என்று.

அடி தடிமன், நுனி ஒல்லி. அப்போதுதான் உறைத்தது. மேல் கீலில் தலை என்று நான் நம்பியது தலையே இல்லை. ஒல்லியான நுனியைக் கீழிருந்து மேலே செருகி, வெளியே நீட்டின முனையை அடித்து மழுக்கிப் பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். நான் கீழிருந்து அடித்த ஒவ்வொரு அடியும் அதை இன்னும் உள்ளே இறுக்கியிருக்கிறது. நாலு வருஷம் படித்தவள், தலையைப் பார்த்ததும் நம்பிவிட்டேன்.

காலையில் மழுங்கின முனையை கிரைண்டரால் சீவினேன். மேலிருந்து ஒரே அடி. என் உள்ளங்கையில் விழுந்தது. துருவைத் துடைத்தேன். அடியில் ரெண்டு வெட்டு.

கதவு என் தோளில் சாய்ந்தது. இறக்கி வைத்தேன். அம்மாவுக்கு போன் போட்டு, "ஷெட்டுக்கு வாம்மா, ஒண்ணும் கேக்காத" என்றேன். தேவசகாயம் அண்ணன் பஞ்சாட்சரத்தைக் கூப்பிட்டார்.

அம்மா கதிரை வாங்கினாள். கட்டைவிரலால் அந்த ரெண்டு வெட்டையும் தடவினாள். முந்தானையில் துடைத்தாள். மறுபடி தடவினாள். பஞ்சாட்சரம் வந்தவர், கழற்றி வைத்திருந்த கதவைப் பார்த்தார். அப்புறம் அம்மாவின் கையைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

"சொல்லுங்க சார்" என்றேன்.

"நான் அப்ப காலேஜ் படிச்சுக்கினு இருந்தேம்மா. எனக்கு என்ன தெரியும். அப்பாதான்."

"தெரிஞ்சதைச் சொல்லுங்க."

"ஒளிய வைக்க வேற இடமில்ல. வண்டிக்குள்ள விட்டு தார்ப்பாயை மூடிட்டாரு. சத்தம் போடக்கூடாதுன்னு சொல்லிட்டு வந்தாரு. ஆபீசருங்க சாப்பிட்டுட்டுப் போவ நேரமாயிடுச்சு. வந்து பார்த்தா பூட்டு பிடிச்சுக்குச்சு. வலது கதவுப் பக்கம் ஒட்டினாப்பல சுவரு, திறக்க முடியாது. பின்னைத் தட்டித்தான் கதவை எடுத்தோம். அதுக்குள்ள அனல்ல மூச்சு போயிடுச்சு. மேல் பின்னு உடைஞ்சு போச்சு. பொண்ணு மடியில அந்தக் கம்பி கிடந்தது, கதவை மாட்ட அதையே பின்னாச் செருகிட்டாரு."

"கண்ணாடியை உடைச்சிருந்தா?"

அவர் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார்.

"கண்ணாடியை ஏன் உடைக்கல?"

"உடைச்சா வேற கிடைக்காதுன்னாரு அப்பா."

பின்னைத் தட்டி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஷெட்டில் என்னைத் தவிர வேறு யாருக்கும் அது அவ்வளவு நன்றாகத் தெரியாது.

"எங்க வெச்சிருக்கீங்க எங்க அக்காவை?" அம்மா முதல்முறையாகப் பேசினாள்.

"தாமல் ஏரிப் பக்கம் எடுத்துக்கினு போனாங்க. அது மட்டும்தாம்மா எனக்குத் தெரியும். ஓடிப்போச்சுன்னு சொன்னது அப்பா."

"நீங்களும் சொன்னீங்க" என்றேன். "என்னைப் பார்த்துக்கூடச் சொல்லியிருக்கீங்க. நான் காலேஜ் சேர்ந்தப்ப."

சுத்தியல் என் கையில்தான் இருந்தது. ஒரு கீறல் இல்லாத அந்த ஒரிஜினல் கண்ணாடியைப் பார்த்து ஓங்கினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அன்னைக்கு உடைச்சிருக்கணும். இன்னைக்கு எதுக்கு?"

என்னை விலக்கிவிட்டுக் கதவில்லாத பக்கம் போனாள். குனிந்தாள். உள்ளேயிருந்து வந்த அனலில் அவள் முந்தானை அசைந்ததை நானும் பார்த்தேன், தேவசகாயம் அண்ணனும் பார்த்தார். வீட்டில் ஒரு குழந்தையை எழுப்புகிற குரலில் சொன்னாள்:

"ஆபீசருங்க போயிட்டாங்க ஆப்பா. வா. இனிமே சத்தம் போடலாம்."

அன்றைக்கே ஸ்டேஷனில் நானே புகார் எழுதிக்கொடுத்தேன். கதிரைக் கேட்டார்கள், கொடுத்தோம். ஏரிக்கரையில் எங்கே தோண்டுவது என்று பஞ்சாட்சரத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டி ஷெட்டில்தான் நிற்கிறது. கதவை நான் மாட்டவில்லை, மாட்டப்போவதும் இல்லை. அம்மா ராத்திரி தாழ்ப்பாள் போட ஆரம்பித்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. சுவர் ஓரமாகச் சாத்தி வைத்திருக்கிற அந்தக் கதவிலிருந்து வருகிறது. முன்பு மாதிரி விரல் கணுவால் இல்லை. ரெண்டு கையாலும் அடிக்கிற சத்தம். தேவசகாயம் அண்ணன் ரேடியோவை நிறுத்திவிட்டார். தெரு முனை டீக்கடை வரைக்கும் கேட்கிறதாம்.